கடலை மிட்டாய்க்குள் இருக்கும் கண்ணாடி

ஒரு கடலை மிட்டாயை உடைத்து, உடைந்த விளிம்பைக் கவனியுங்கள். கூராக, வழுவழுப்பாக, வெளிச்சத்தில் மின்னும். வெல்லக் கட்டியை உடைத்தால் இப்படி இருப்பதில்லை, பொலபொலவென்று உதிரும். இரண்டிலும் இருப்பது அதே சர்க்கரைதான், மூலக்கூறுகள் நிற்கும் விதம்தான் வேறு. வெல்லக் கட்டிக்குள் அவை பெரும்பாலும் நுண்ணிய படிகங்களாக, ரேஷன் கடை வரிசை போல ஒழுங்காக நிற்கின்றன. கடலை மிட்டாயில் இருப்பதோ தேரடிக் கூட்டம். நெருக்கியடித்துக்கொண்டு, நகர வழியில்லாமல், நின்ற நிலையிலேயே உறைந்துபோன கூட்டம். இயற்பியலாளர்கள் இதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா எப்படிக் கிடக்கிறதோ, மிட்டாயில் சர்க்கரை அப்படிக் கிடக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி சில்லு சில்லாக உடைகின்றன.

ஆக, வீட்டு அடுப்பில் வெல்லப் பாகு காய்ச்சிக் கடலையைக் கொட்டிக் கிளறுகிறவர் செய்வது கண்ணாடி வார்க்கும் வேலை. இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் பேர்போன ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி. அவ்வூர்க் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் நிலத்துக் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், மேலே தூவிய இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான தேங்காய்த் துருவல் என்று அதன் அடையாளத்தைச் சொல்வார்கள். ஆதியில் அங்கே கருப்பட்டியில்தான் மிட்டாய் போட்டார்கள். 1940களில் பொன்னம்பல நாடார் என்ற மளிகைக் கடைக்காரர் கரும்பு வெல்லத்துக்கு மாறினார் என்பது அவ்வூர் வரலாறு.

இப்போது ‘வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், இயற்கை இனிப்பு போதும்’ என்று நகரத்துக் கடைகளில் வெல்ல மிட்டாய்க்குத் தனி அலமாரியே வந்துவிட்டது. வெல்லம் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்பது விவாதத்துக்கு உரியது. அதற்குப் பின்னால் வருவோம். மிட்டாய்க்கு அது நல்லது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. காரணம், வெல்லம் சுத்தமில்லாத சர்க்கரை. அந்தச் சுத்தமின்மைதான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது.

முதலில் பாகு. வெல்லத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சும்போது நாம் செய்வதெல்லாம் விட்ட தண்ணீரைத் திரும்ப வெளியேற்றுவதுதான். சர்க்கரை கரைந்த நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காது, அதற்கு மேலேதான் கொதிக்கும். நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும். 105 டிகிரியை ஒட்டி ஒரு கம்பிப் பதம். 115ஐ ஒட்டி, தண்ணீரில் விட்ட சொட்டு விரலுக்குள் மெத்தென்று உருளும். அதிரசத்துக்கு இறக்க வேண்டிய இடம் அது. அப்போதும் பாகில் ஏறத்தாழ 15 சதவீதம் நீர் இருக்கிறது. 130ஐத் தாண்டினால் நீர் 5 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். 150ஐ நெருங்கும்போது எஞ்சுவது ஓரிரு சதவீதம்தான். இந்தக் கணக்கெல்லாம் வெள்ளைச் சர்க்கரைப் பாகுக்கு எழுதியது. வெல்லத்தை அந்தக் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் பெரும்பாலும் கசப்புத் தட்டிவிடும், ஆகவே கொஞ்சம் முன்னாலேயே இறக்க வேண்டும்.

இந்தப் பயணம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதைப் பாகு காய்ச்சிய எல்லோரும் அறிவார்கள். தொடக்கத்தில் நீர் நிறைய இருப்பதால், அடுப்பின் வெப்பமெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். வெப்பமானி நகராமல் அடம்பிடிக்கும். நீர் தீர்ந்துவரும் கடைசிக் கட்டத்திலோ வெப்பம் கிடுகிடுவென்று ஏறும். பதம் தப்புவது எப்போதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான். குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னறிவிப்புக் கிடைக்கும். முதலில் பெரிதாக, சளசளவென்று உடையும் குமிழிகள், பாகு தடிக்கத் தடிக்கச் சிறுத்து, நுரைத்து, சோம்பலாக வெடிக்கும்.

பிறகு வருவது அந்தப் பழைய சோதனை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விடுவது. கெட்டிப்பட்டதும் எடுத்து எவர்சில்வர் தட்டில் போடுவது. ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அடுப்பை அணைப்பது. இதைப் பாட்டி வைத்தியக் கணக்கில் சேர்ப்பவர்கள் அதன் நுட்பத்தைக் கவனிப்பதில்லை. குளிர்ந்த நீரில் விழும் சொட்டு நொடியில் குளிர்ந்து, மிட்டாய் பின்னால் எந்த நிலைக்கு வருமோ அந்த நிலையை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கண்ணாடி ஆகிவிட்ட பொருள் அதிர்வைத் தாங்கித் திருப்பி அனுப்பும்; அதனால் ஒலிக்கும். இன்னும் குழம்பாக இருக்கும் பொருள் அதிர்வை விழுங்கிவிடும். ‘தொப்’ என்று விழும். வெப்பமானி நமக்குச் சொல்வது பாகின் வெப்பத்தை மட்டும். தட்டில் எழும் ஓசை, அதில் எவ்வளவு நீர் மிச்சம், எந்த வகைச் சர்க்கரை எவ்வளவு என்ற எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்ப்புச் சொல்கிறது.

ஊட்டியில் மிட்டாய் செய்து பார்த்தால் இதன் மதிப்புத் தெரியும். கடல் மட்டத்துக்கு 2200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். பாகின் ஒவ்வொரு பதமும் அதே அளவு, அதாவது ஏறத்தாழ 7 டிகிரி கீழே இறங்கிவிடும். சமவெளியில் எழுதிய சமையல் குறிப்பை நம்பி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாகு கருகிப்போகும். ‘டங்’ சத்தத்துக்கு மலை, சமவெளி என்ற பேதம் கிடையாது.

சரி, நீரை வெளியேற்றிவிட்டால் கண்ணாடி தானாகக் கிடைத்துவிடுமா? வெள்ளைச் சர்க்கரையில் முயன்றால் இதற்குப் பதில் தெரியும். பல சமயம் பாகு ஆறும்போதே பூத்து, வெளுத்து, மணல் மணலாக உறைந்துவிடும். வெள்ளைச் சர்க்கரை என்பது ஏறத்தாழ முழுக்க முழுக்க சுக்ரோஸ். ஒரே அளவு, ஒரே வடிவமுள்ள மூலக்கூறுகள். வாய்ப்புக் கிடைத்தால் வரிசையில் போய் நிற்பதே அவற்றின் இயல்பு. கரண்டியில் ஒட்டிய ஒரு துணுக்குச் சர்க்கரை உள்ளே விழுந்தாலும் போதும், அதை வித்தாக வைத்துப் படிகம் வளரத் தொடங்கும். இதைத் தடுக்க மேல்நாட்டு மிட்டாய்க்காரர்கள் சோளத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ் பாகைச் சேர்ப்பார்கள், அல்லது எலுமிச்சைச் சாறு போன்ற ஏதாவதொரு அமிலத்தை விடுவார்கள். அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸை இரண்டாக உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் ஆக்கும். அளவும் வடிவமும் வேறான இந்த மூலக்கூறுகள் குறுக்கே புகுந்து நின்றால் சுக்ரோஸால் வரிசை கட்ட முடியாது.

வெல்லத்தில் இந்த வேலை கரும்பு ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. கரும்புச் சாறு இயல்பிலேயே லேசான புளிப்பு உடையது. திறந்த கொப்பரையில் 115 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி சுக்ரோஸ் உடைந்துவிடும். அதனால் வெல்லத்தில் சுக்ரோஸ் பொதுவாக 65 முதல் 85 சதவீதம்வரைதான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம். மீதி ஈரமும் தாது உப்புகளும் துளிப் புரதமும் பழுப்பு நிறப் பொருள்களும். சர்க்கரை ஆலைகள் ‘அசுத்தம்’ என்று பிரித்தெறியும் இந்தக் கூட்டணிதான் வெல்லப் பாகைப் படிகமாகாமல் காக்கிறது. மிட்டாய் விஞ்ஞானம் தனியாகப் புட்டியில் வாங்கி ஊற்றும் மருந்தை வெல்லம் கூடவே கொண்டுவருகிறது.

ஆனால் அதே மருந்துதான் அதன் நோயும். ஒவ்வொரு சர்க்கரைக்கும் கண்ணாடி இளகும் வெப்பம் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே உறுதி, மேலே பிசுபிசுப்பு. ஈரமே இல்லாத சுக்ரோஸுக்கு அது 60 டிகிரிக்கு மேல். குளுக்கோஸுக்கு 30 சொச்சம். ஃபிரக்டோஸுக்கோ வெறும் 5 டிகிரி அளவு. நம் ஊர் வெயிலில் சுத்த ஃபிரக்டோஸ் கண்ணாடியாக நிற்கவே முடியாது. இவை கலந்த கலவைக்கு இடைப்பட்ட ஓர் எண் அமையும். அந்த எண்ணைத் தண்ணீர் வேகமாகக் கீழே இழுக்கும், ஏனென்றால் தண்ணீரின் கண்ணாடி வெப்பம் பூஜ்ஜியத்துக்கும் 130 டிகிரிக்கு மேல் கீழே இருக்கிறது. ஈரம் ஒரு சதவீதம் கூடினாலே இளகும் வெப்பம் பல டிகிரி இறங்கிவிடும். ஆக, வெல்ல மிட்டாய் எப்போதும் கத்தி முனையில் நிற்கிறது. பாகில் நீர் கொஞ்சம் அதிகம் தங்கிவிட்டாலோ, ஐப்பசி அடைமழையில் டப்பாவைத் திறந்து வைத்தாலோ, இளகும் வெப்பம் அறை வெப்பத்துக்குக் கீழே போய்விடும். மிட்டாய் பல்லில் ஒட்டும். காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதில் ஃபிரக்டோஸை மிஞ்சிய சர்க்கரை இல்லை.

இப்போது கோவில்பட்டியை நினைத்துப் பாருங்கள். மழை குறைந்த, காய்ந்த கரிசல் பூமி. அந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு வறண்ட காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். தீக்குச்சி மருந்துக்கும் கடலை மிட்டாய்க்கும் எதிரி ஒன்றே. புகழுக்குத் தாமிரபரணித் தண்ணீரைச் சொல்வது வழக்கம்; காற்றில் இல்லாத தண்ணீருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

மிட்டாயின் நிறமும் மணமும் தனிக் கதை. சர்க்கரை தானாகவே சூட்டில் சிதைந்து பழுப்பது ஒரு வினை, அதுதான் கேரமல். சுக்ரோஸுக்கு அதற்கு 160 டிகிரி அளவு சூடு வேண்டும், ஃபிரக்டோஸுக்கு 110 போதும். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பது இன்னொரு வினை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மய்யார் 1912இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. தோசை முறுகும்போதும் காப்பிக் கொட்டை வறுபடும்போதும் நடப்பது அதுதான். கடலை மிட்டாயில் இரண்டுமே உண்டு. வாணலியில் கடலை வறுபடும்போது அதிலுள்ள கொஞ்சம் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் பைரசின் என்னும் வாசனைச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. வறுகடலை மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுவே. வெல்லமோ அடுப்பில் ஏறும் முன்பே கொப்பரையில் பாதி பழுத்து வந்தது. எனவே, வெள்ளைச் சர்க்கரையை 170 டிகிரிவரை எரித்து வரவழைக்க வேண்டிய ஆழ்ந்த சுவையை வெல்லம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே தந்துவிடுகிறது.

கருப்பட்டி இன்னும் ஒரு படி மேலே. பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து, அதில் வடியும் பனஞ்சாறு கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அந்தச் சாற்றைக் காரத் தன்மையில் வைத்து, சுக்ரோஸ் உடைவதையும் தடுக்கிறது. கிடைப்பது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. மய்யார் வினை காரச் சூழலில் வேகமெடுக்கும் என்பதால் அந்தக் கருநிறமும் லேசான புகைமணமும் இயல்பாக அமைகின்றன. உடையாத சுக்ரோஸ் அதிகம் என்பதால், கருப்பட்டி மிட்டாய் நன்றாக விறைத்து நிற்கும். பதம் பிசகினால் பூத்தும் போகும். பதநீரிலிருந்து பனங்கற்கண்டு எடுக்க முடிகிறதே, அந்தப் படிகமாகும் குணம்தான் இது. என் நாக்கைக் கேட்டால் உடன்குடிக் கருப்பட்டியில் செய்த கடலை மிட்டாய்க்கு ஈடில்லை என்பேன். விலைதான் கையைக் கடிக்கும்.

வீட்டில் செய்பவருக்கு 300 கிராம் கடலைக்கு 200 கிராம் வெல்லம் சரியாக இருக்கும். கடையில் பாகு வெல்லம் என்றே கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்னும் வெளுக்கும் ரசாயனம் போட்டது. அழகைத் தவிர அதில் லாபமில்லை. மழைக்காலத்தில் கசிந்து ஒட்டும் வெல்லத்தில் சுக்ரோஸ் ஏற்கெனவே நிறைய உடைந்திருக்கும், அது மிட்டாய்க்கு ஆகாது. கடலையைச் சிறு தீயில் உள்வரை வறுத்துத் தோல் நீக்கிச் சூடாகவே வைத்திருங்கள். ஆறிய கடலையைப் பாகில் கொட்டினால் பாகு சட்டென்று குளிர்ந்து, கிளறும் முன்பே கெட்டியாகிவிடும். வெல்லம் முழுகும் அளவுகூடத் தண்ணீர் வேண்டாம், கரைவதற்கு நாலைந்து கரண்டி போதும். விட்ட ஒவ்வொரு கரண்டியையும் பிறகு ஆவியாக்கத்தானே போகிறோம். கரைந்ததும் மண் போக வடிகட்டி, அடி கனத்த வாணலியில் மறுபடி ஏற்றி, ஓசை வரும்வரை காய்ச்சுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்க்காதீர்கள். வெள்ளைச் சர்க்கரைக்கு உதவும் அந்த அமிலம், வெல்லத்தில் அளவுக்கு மீறி சுக்ரோஸை உடைத்து மிட்டாயை இளக்கிவிடும்.

இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுபவர்கள் உண்டு. அது தவறில்லை. சூட்டிலும் வெல்லத்தின் புளிப்பிலும் சோடா கரியமில வாயுவை வெளியிட்டுப் பாகுக்குள் நுண்ணிய குமிழிகளைப் பரப்பும். கண்ணாடிச் சுவர் மெலிந்து, மிட்டாய் கடிக்க எளிதாகும். சிட்டிகை மிஞ்சினால் சோப்பு வாடைதான். நெய் தடவிய பலகையில் கொட்டி, நெய் தடவிய குழவியால் உருட்டி, சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு கிழித்துவிட வேண்டும். இளகும் வெப்பத்துக்குக் கீழே போன பிறகு கத்தியை வைத்தால் கோட்டில் உடையாது, அதற்குத் தோன்றிய இடத்தில் உடையும். ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள்.

தேனில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். தேனில் ஃபிரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31, தண்ணீர் 17 அளவில் இருக்கும். மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்: எவ்வளவு காய்ச்சினாலும் நம் வெப்பத்தில் மொறுமொறுப்பு நிலைக்காது, தேனின் மணமும் போய்விடும். ஆனால் வெல்லத்தில் கால் பங்கைத் தேனாக மாற்றிக் கடைசியில் சேர்த்தால் மெல்ல வருகிற மென்மிட்டாய் கிடைக்கும். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு உகந்தது. (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது.) பேரீச்சம்பழம் என்றால் காய்ச்சவே வேண்டாம். அதன் நாரும் பிசுபிசுப்பும் பாதாமையும் முந்திரியையும் பிடித்துக்கொள்ளும். அது உருண்டைதான், மிட்டாய் இல்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். பால் சேர்த்த மென்கேரமலுக்கு இணையாக நம்மிடம் கீழக்கரைத் தொதல் இருக்கிறது. தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் அரிசி மாவோடு மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரியும்வரை சுருட்டி, முந்திரி போட்டு இறக்குவது. ஈழத்திலும் இது உண்டு. பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் புரதமும் அங்கே வேலை செய்கின்றன.

உடம்புக் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 100 கிராம் சர்க்கரையில் 390 கலோரி அளவு என்றால் வெல்லத்தில் 350 முதல் 380. இரும்புச் சத்து சில மில்லிகிராம். காய்ச்சும் கொப்பரையைப் பொறுத்து அது கூடும் குறையும். அந்த இரும்புக்காக 100 கிராம் வெல்லம் தின்பது புத்திசாலித்தனம் ஆகாது. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராம் அளவுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அந்தக் கணக்கில் தேனும் பாகுகளும் விலக்குப் பெறவில்லை. நம் செய்முறையில் 30 கிராம் துண்டு ஒன்றில் 12 கிராம் வெல்லம், 18 கிராம் கடலை. அந்தக் கடலையில் 4 கிராமுக்கு மேல் புரதம், பாதிக்குப் பாதி கொழுப்பு. மிட்டாயில் உருப்படியான சத்து என்று ஏதாவது இருந்தால் அது கடலையின் கொடை. சர்க்கரை நோயாளிக்கு ‘இது வெல்லம்தானே’ என்று நீட்டுவது அன்பாக இருக்கலாம், சரியல்ல.

கடலையைப் பொறுக்குவதில்தான் உண்மையான அக்கறை வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படர்ந்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை கக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மாண்டபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட கடலைப் பிண்ணாக்கில்தான் அது முதலில் பிடிபட்டது. வறுத்தாலும் பாகில் முக்கினாலும் அது முழுதாக அழியாது. ஒரு கசந்த பருப்பு மொத்த மிட்டாயையும் துப்ப வைப்பது இயற்கை தரும் எச்சரிக்கை, மதிப்பது நல்லது.

ஈரம் புகாமல் காத்தாலும் மிட்டாய்க்கு ஆயுள் சில மாதங்கள்தான், அதை முடித்து வைப்பது சிக்கு வாடை. கடலை எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதால் வருவது அது. பருப்பைச் சுற்றிய சர்க்கரைக் கண்ணாடி ஆக்சிஜனை ஓரளவு தடுக்கிறது. உடைந்த விளிம்பில் தெரியும் பருப்புகளே முதலில் கெடும். சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டும் ஜுனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உருவாக்கிய கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்களில் லினோலிக் மிகக் குறைவு, ஓலியிக் அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி. அந்தக் கடலையில் போட்ட மிட்டாய் நெடுநாள் தாங்கும். மளிகைக் கடை மூட்டையில் ரகத்தின் பெயர் எழுதியிருக்காது என்பதால் இப்போதைக்கு வீட்டு மிட்டாய்க்கு வழி ஒன்றுதான்: ஒரு மாதத்தில் தீரும் அளவுக்குச் செய்வது.